டெஸ்க்டாப் காலி, ஆனா ஒண்ணும் போகல

"தம்பி, எல்லாமே போயிடுச்சுப்பா"ன்னு மாடி வீட்டு அக்கா லேப்டாப்ப தூக்கிட்டு வந்து நின்னாங்க. பாத்தா டெஸ்க்டாப்ல ரீசைக்கிள் பின் மட்டும்தான். பொண்ணு கல்யாண போட்டோ ஒண்ணும் காணோம், டெம்பரரி ப்ரொஃபைல்னு ஓரத்துல ஒரு மெசேஜ். (ப்ரொஃபைல்னா ஒருத்தரோட ஃபைல், டெஸ்க்டாப், செட்டிங்ஸ் எல்லாம் சேந்தது.)

சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டர்குள்ள போனேன். அவங்க பேர்ல எல்லாம் அப்படியே இருக்கு!

நம்ம ப்ரொஃபைல லோட் பண்ண முடியலன்னா வின்டோஸ் தற்காலிகமா ஒண்ண கொடுத்துடும், அதுல சேவ் பண்றது சைன் அவுட் பண்ணா அழிஞ்சிடும், அதனால மொதல்ல எல்லாத்தையும் பென் டிரைவ்ல காப்பி எடுத்துட்டுதான் ரெஜிஸ்ட்ரிய, அதாவது வின்டோஸ் தன்னோட செட்டிங்ஸ வச்சிருக்கிற இடத்த, தொட்டேன். அதுல ப்ரொஃபைல்லிஸ்ட்ங்கிற பகுதில அவங்க அக்கவுன்ட்டுக்கான ஒரே நீள நம்பர் ரெண்டு தடவ, ஒண்ணோட வால்ல மட்டும் டாட் பிஏகே (.bak). அதுதான் அவங்க நிஜ ப்ரொஃபைல். வால் இல்லாதத பேர் மாத்தி ஒதுக்கிட்டு, இதோட வால எடுத்துட்டு ரீஸ்டார்ட்.

வந்துடுச்சு. அக்கா கண்ணு கலங்கிடுச்சு.

இதுக்கு யோசிக்காம ஃபார்மட் போடச் சொல்றாங்களே, அதான் வயிறு எரியுது. ப்ரொஃபைலோட செட்டிங்ஸ் இருக்கிற என்டியூசர் டாட் டேட் (NTUSER.DAT) ஃபைலே கெட்டிருந்தாலும் புது அக்கவுன்ட் போட்டு போட்டோ, டாக்குமென்ட்டெல்லாம் அதுக்கு மாத்திக்கலாம். ஃபார்மட்னு யாராச்சும் சொன்னா மொதல்ல யூசர்ஸ் ஃபோல்டர தொறந்து காட்டச் சொல்லுங்க.