ஆக்சிஜன் சென்சார்: கழற்றுவதற்கு முன்பும் கழற்றும்போதும்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் ஆக்சிஜன் சென்சார் என்று ஒரு வரி வருகிறது, உடனே புது சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். வீட்டிலேயே தாராளமாக மாற்றக்கூடிய பாகம்தான், நானும் வீட்டில்தான் மாற்றுகிறேன். ஆனால் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒழுங்காகப் படித்தால் பல பேருக்கு சென்சார் வாங்கும் செலவே மிச்சமாகும்.

புகைக்குழாயில் மாட்டியிருக்கும் இந்த சென்சாருக்குள் இருப்பது ஜிர்கோனியா என்னும் பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை படுகிறது, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்திலும் ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் உண்டாகும்: பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டி, காற்று கூடினால் 0.1 வோல்ட்டை ஒட்டி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் சரியான கலவை. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வோல்ட் சட்டென்று தாவும், எஞ்சினின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 1976ல் போஷ் செய்து வோல்வோ காரில் வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஆனால் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்தப் பீங்கான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்காகவே உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நான்கு வயர் இருப்பதும் அதனால்தான்.

சரி, இப்போது எரர் எண்ணுக்கு வருவோம். பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் வயர் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். பி0171 வந்தால் கதையே வேறு. கலவையில் காற்று அதிகம் என்று சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கோ வேக்யூம் குழாய் விரிசல் விட்டிருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம், சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதற்கு சென்சார் மாற்றுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் செலவு. எஞ்சின் சூடானபின் ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள்: கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் இருப்பது மேலும் கீழுமாகத் துள்ள வேண்டும், பின்னால் இருப்பது 0.6, 0.7 வோல்ட் அளவில் பெரிதாக அசையாமல் இருக்க வேண்டும். பின்னால் இருப்பதும் முன்னதைப் போலவே துள்ளினால் சந்தேகப்பட வேண்டியது கேட்டலிஸ்ட்டைத்தான். (முன்னால் வைட்பேண்ட் சென்சார், அதாவது கலவையை இன்னும் நுணுக்கமாக அளக்கும் வகை, உள்ள வண்டிகளுக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. அந்த இடத்தில் சாதாரண சென்சாரை மாட்டவும் கூடாது.)

எதைக் கழற்றுவது என்பதிலும் குழப்பம் வரும். எரர் விவரத்தில் வரும் பேங்க் 1 என்பது ஒன்றாம் நம்பர் சிலிண்டர் இருக்கும் பக்கம், டிரைவர் பக்கம் என்று அர்த்தமில்லை. சென்சார் 1 கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால், 2 பின்னால்.

வேலையில் கஷ்டமெல்லாம் பழையதைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. முந்தின நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். வயர் வெளியே வர ஒரு பக்கம் வெட்டுவிட்ட சாக்கெட் விற்கிறார்கள். இறுகிப்போன சென்சாரில் அது வாய் விரிந்து வழுக்கும், சென்சார் நட்டின் மூலைகளும் மழுங்கிவிடும். பழையதை எப்படியும் தூக்கித்தான் போடப் போகிறோம். நான் வயரை வெட்டிவிட்டு 22 மி.மீ. ரிங் ஸ்பேனரைத்தான் போடுவேன். கால் சுற்று வந்ததும் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும், மரையிலிருந்து செம்பழுப்பாகத் தூள் உதிரும். அங்கே வேகம் காட்டினால் மரை பிய்ந்துகொண்டு வரும். திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். வெளியே வந்தபின் எம்18, 1.5 அளவுள்ள மரை வெட்டும் டேப்பைக் கையால் விட்டு ஓட்டையின் மரையைச் சுத்தம் செய்யுங்கள்.

கழற்றியதன் முனையைப் பார்க்காமல் எறியாதீர்கள். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தால் சிலிக்கோன் பசையோ கூலன்ட்டோ உள்ளே எரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் இறுகிப்போகாமல் காக்கும் பசை தடவியே வரும், மேலே வேறு தடவ வேண்டாம். முனையில் எதுவுமே படக் கூடாது. கீழே விழுந்ததை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. விரலாலேயே கடைசிவரை சுற்றி, அப்புறம் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், வழக்கமாக அது 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். இறுக்கி முடித்தபின் கனெக்டரை மாட்டுங்கள், முன்பே மாட்டினால் வயர் முறுக்கிக்கொள்ளும். கனெக்டருக்குள் கிரீஸும் கிளீனரும் வேண்டாம். பல சென்சார்கள் வெளிக்காற்றை வயருக்குள் இருக்கும் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன, அடைத்தால் அளவு தப்பாகும். வயரை இணைக்க வேண்டி வந்தால் ஈயம் வைத்துப் பற்ற வைக்காமல் கிரிம்ப் (அழுத்தி இணைப்பது) போடச் சொல்வதும் இதனால்தான். பழைய கிளிப்புகளிலேயே வயரைச் செருகி, சூடான குழாயில் படாமல் கொண்டுபோங்கள்.

எரரை அழித்தவுடன் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து ஆரம்பிக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவது, ஊருக்குள் ஓட்டுவது, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போவது எல்லாம் கலந்து சில நாள் ஓடினால்தான் அவை முடியும். அதுவரை ஸ்கேனரில் தயாராகவில்லை என்றே காட்டும், அதனால் புகைப் பரிசோதனைக்கு முந்தின இரவு எரரை அழித்துவிட்டுப் போகாதீர்கள்.