பிறந்த பிள்ளையின் சூடும் தாதியியல் கோட்பாடும்: கற்பித்தல் ஒப்படை எழுதப் போகிறவர்களுக்கு

"தாதியியல் கோட்பாடு ஒன்றைப் பயன்படுத்தி, பிறந்த பிள்ளையின் உடற்சூடு குறைவதைத் தடுப்பது பற்றித் தாதியருக்கு ஒரு கற்பித்தல் திட்டம் தயாரிக்குக." தாதியியல் பட்டப்படிப்பில் ஒப்படையாகவோ பரீட்சை வினாவாகவோ இப்படி ஒன்று வரும். விடைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. முதல் ஒன்றரைப் பக்கம் கோட்பாட்டாளர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார் என்று போகும். அடுத்த மூன்று பக்கம் வெப்ப இழப்பின் நான்கு வழிகள். இரண்டையும் இணைக்க ஒரு வரிகூட இருக்காது. உங்கள் விடையில் கோட்பாடு வரும் பந்திகளை விரலால் மறைத்துவிட்டு மீதியை வாசித்துப் பாருங்கள். திட்டம் அப்படியே நின்றால், கோட்பாடு அங்கே சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வினாவுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சூடு தேவைப்படும் பிள்ளை. மற்றவர் கற்க வேண்டிய தாதி. மைரா லெவின், புளோரன்ஸ் நைட்டிங்கேல், கலிஸ்டா றோய் போன்றோரின் கோட்பாடுகள் பராமரிப்புப் பெறுபவரைப் பற்றிப் பேசுகின்றன. பற்றீசியா பென்னர் தாதியைப் பற்றிப் பேசுகிறார். எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை முதல் வகை தீர்மானிக்கும். எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதை இரண்டாம் வகை தீர்மானிக்கும். எங்கள் தேர்வு, உள்ளடக்கத்துக்கு லெவின், கற்பிக்கும் முறைக்குப் பென்னர். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று வினா கட்டுப்படுத்தினால் லெவினை எடுத்து, தாதியரின் அனுபவ வேறுபாட்டை ஒரு பந்தியில் சொல்லிவிடுங்கள்.

லெவின் 1967இல் நான்கு பேணல் கோட்பாடுகளை முன்வைத்தார்: சக்தியைப் பேணல், உடலமைப்பின் முழுமையைப் பேணல், தனிமனித முழுமையைப் பேணல், சமூக முழுமையைப் பேணல். வெப்ப இழப்பின் வழிகளும் நான்கு: ஆவியாதல், கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். நாலுக்கு நாலு சரியாக இருக்கிறதே என்று சிலர் அட்டவணை போட்டு ஒன்றுக்கொன்று கோடு இழுத்துவிடுகிறார்கள். இது பிழை. வெப்பம் போகும் நான்கு வழிகளும் முதலில் சக்தியைத்தான் தின்கின்றன. மற்ற மூன்று பேணல்களும் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

சக்தி என்ற பகுதியில் தாராளமாக எழுதுங்கள், விடையின் உயிர் அங்கேதான். பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கும், போர்வையை இழுத்துக்கொள்வார்கள், எழும்பி ஜன்னலைச் சாத்துவார்கள். பிறந்த பிள்ளைக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் வழி அநேகமாக இல்லை. கழுத்து, தோள்களுக்கு இடைப்பட்ட பகுதி, சிறுநீரகங்களைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்குகிறது. ஒன்று தவறினால் இன்னொன்று கைகொடுக்கும் ஏற்பாடு உடலில் இருப்பதை லெவின் இசைவாக்கத்தின் ஓர் இயல்பாகச் சொன்னார். பிறந்த பிள்ளையிடம் அந்த ஏற்பாடு மிகக் குறைவு. குறைமாதப் பிள்ளையிடம் பழுப்புக் கொழுப்பே போதாது. கொழுப்பு எரிய ஒட்சிசனும் குளுக்கோசும் செலவாகும். குளுக்கோசு குறைந்தால் பிள்ளை சோர்ந்து பால் குடிக்காது, பால் குடிக்காவிட்டால் குளுக்கோசு இன்னும் குறையும். ஒட்சிசன் போதாமல் போனால் குருதியில் அமிலத்தன்மை கூடி, நுரையீரல் குருதிக்குழாய்கள் சுருங்கி, மூச்சு கடினமாகும். இந்தச் சங்கிலியை அம்புக்குறி போட்டு ஒரு படமாக வரைந்தால் பரீட்சகருக்கும் விளங்கும், வகுப்பில் இருக்கும் தாதிக்கும் விளங்கும்.

எண்களைப் பிழையில்லாமல் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இயல்பான அளவு 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ். 36.0 முதல் 36.4 வரை இலேசான சூட்டுக்குறைவு, இதைக் குளிர் அழுத்தம் என்பார்கள். 32.0 முதல் 35.9 வரை நடுத்தரம். 32க்குக் கீழே கடுமையானது. பிரசவ அறை 25 முதல் 28 பாகைக்குள் இருக்க வேண்டும், காற்றோட்டம் பிள்ளையின்மேல் நேரே படக்கூடாது. நனைந்த பிள்ளையை அப்படியே விட்டால் முதல் 10 முதல் 20 நிமிடத்தில் 2 முதல் 4 பாகை வரை இறங்கிவிடலாம்.

திருகோணமலையில் இதைக் கற்பிக்கப் போகிறவர் முதலில் சந்திக்கும் கேள்வி, "இந்த வெக்கையில பிள்ளை குளிருமா மிஸ்?" என்பதுதான். நியாயமான கேள்வி, விடையிலும் இதற்கு ஒரு பந்தி கொடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏப்ரனும் கையுறையும் போட்டு நிற்பவருக்கு வியர்த்துக் கொட்டும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். ஆனால் தாயின் வயிற்றுக்குள் 37 பாகையில் இருந்த பிள்ளை ஈரத்தோடு வெளியே வருகிறது. 30 பாகை அறைகூட அதற்குக் குளிர்தான். ஃபேன் காற்று ஈரத்தை ஆவியாக்கும் வேகத்தைக் கூட்டும். சிசேரியன் நடக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஏசியும் சேரும். மாரி காலத்தில் வாடை வீசும்போது ஜன்னலைச் சாத்த எல்லாருக்கும் ஞாபகம் வரும். வெயில் காலத்தில்தான் கவனம் தப்புகிறது. பராமரிப்பாளருக்கு வசதியான சூடும் பிள்ளைக்கு வேண்டிய சூடும் ஒன்றல்ல என்று எழுதிவிட்டு, பிள்ளை பிறக்கும் கட்டத்தில் ஃபேனை நிறுத்தும் பொறுப்பு யாருக்கு என்பதையும் திட்டத்தில் குறியுங்கள். பொதுவாக "அறையைச் சூடாக வைக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

செய்து காட்டும் பகுதிக்கு இரண்டு துவாய், ஒரு தொப்பி, ஒரு பொம்மை போதும். துவாய்கள் முன்கூட்டியே வோர்மரின் (மேலிருந்து கதிர்ச்சூடு தரும் கருவியின்) கீழ் சூடாகியிருக்க வேண்டும். வோர்மரைப் பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது 20 நிமிடம் முன்பு போட வேண்டும். முதல் துவாயைத் தாயின் வயிற்றில் விரித்துப் பிள்ளையை அதில் வாங்கி, முகம், தலை, முதுகு, கை கால் எல்லாவற்றையும் நன்றாகத் துடையுங்கள். தலை உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பதால் முடிக்குள் ஈரம் மிஞ்சக்கூடாது. துடைத்த துவாய் இப்போது ஈரம், உடனே அகற்றுங்கள். பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் குப்புறப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தொப்பி போட்டு, இரண்டாவது துவாயால் முதுகை மூடுங்கள். தொப்புள்கொடியைக் கவ்வ 1 முதல் 3 நிமிடம் பொறுக்கலாம். நிறை பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் முதல் ஒரு மணி நேரம் கழியட்டும். குளிப்பாட்டுவது 24 மணி நேரத்துக்குப் பிறகு.

இதில் அதிகம் நடக்கும் பிழை, பிள்ளையைத் துவாயில் பொட்டலம்போலச் சுற்றிவிட்டுத் தாயின் மார்பில் வைப்பது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் தாயின் தோலுக்கும் பிள்ளையின் தோலுக்கும் நடுவில் துணி. தாயின் சூடு பிள்ளைக்குப் போகாது. அடுத்த பிழை, ஈரத் துவாயைப் பிள்ளையின் கீழேயே விட்டுவிடுவது. மூன்றாவது, மார்பில் வைத்துவிட்டுப் போய்விடுவது. மூக்கு அமுங்காமல் இருக்கிறதா, நிறமும் மூச்சும் சரியா என்று 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு முறை மாறும். உடலைத் துடைக்காமல் கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பையில் இட்டு, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போட்டு, வோர்மரின் கீழ் வைப்பார்கள். "துடை" என்று கற்ற புதியவருக்கு இது முரண்பாடாகத் தெரியும். காரணத்தைச் சொல்லுங்கள்: பொலித்தீன் ஆவியாதலைத் தடுக்கிறது, வோர்மரின் கதிர் அதனூடே போய்ச் சேருகிறது. மேலே துணியால் போர்த்தினால் கதிர் தடைபடும்.

உடலமைப்பின் முழுமை என்பதன்கீழ் தோல் வரும். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைப்பது தோலைச் சுட்டுவிடும், அதைத் திட்டத்தில் வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். வோர்மரின் தானியங்கி முறையில், பிள்ளையின் தோலில் ஒட்டிச் சூட்டை அளக்கும் புரோப் கழன்று விழுந்தால் கருவி பிள்ளை குளிர்கிறது என்று எண்ணிச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். பிள்ளை புரோப்பின்மேல் படுத்தால் அளவு கூடுதலாகக் காட்டி, சூடு குறைந்துவிடும். 37.5க்கு மேலே போவதும் ஆபத்துத்தான்.

தனிமனித முழுமை, சமூக முழுமை இரண்டையும் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் ஒரே விடுதியில் தமிழ், முஸ்லிம், சிங்களத் தாய்மார் இருப்பார்கள். மார்போடு மார்பாகப் பிள்ளையை வைக்கச் சொன்னால், திரை இல்லாத இடத்தில் எந்தத் தாயும் கூசுவார். திரையும் மேலே போர்த்த ஒரு துணியும் இருந்தால் சம்மதிப்பார். இது தனிமனித முழுமை. முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது வழக்கம். அதற்காகப் பிள்ளையை வெளியே கொண்டுபோகும்போது சூடு போய்விடலாம். வழக்கத்தைத் தடுக்கத் தேவையில்லை. பிள்ளை தாயின் மார்பில் இருக்கும்போதே தகப்பன் வந்து சொல்ல இடம் செய்யலாம், முடியாவிட்டால் தொப்பியோடும் காய்ந்த துணியோடும் நன்றாகப் போர்த்தி எடுத்துச்சென்று திருப்பிக் கொண்டுவரலாம். சமூக முழுமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இனிப் பென்னர். 1984இல் அவர் விவரித்த ஐந்து நிலைகள்: புதியவர், முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதியுள்ளவர், தேர்ச்சி பெற்றவர், நிபுணர். இங்கே கவனிக்க வேண்டியது, அனுபவம் இடத்தோடு சேர்ந்தது. சத்திரசிகிச்சை விடுதியில் 15 வருடம் வேலை செய்து பிரசவ அறைக்கு மாற்றலாகி வந்தவர் அங்கே நிபுணர், இங்கே புதியவர். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். புதியவருக்கு விதியும் எண்ணும் கொடுங்கள். தகுதியுள்ளவருக்குச் சிக்கலான நிலையைக் கொடுங்கள்: தாய்க்குக் குருதிப்பெருக்கு, அறையில் இரண்டு பேர்தான், பிள்ளை யாரிடம்? நிபுணரிடம் விரிவுரை எடுக்காதீர்கள். அவர் பிள்ளையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டு, பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் குளிர் அழுத்தம் தொடங்கிவிட்டது, இரண்டும் குளிர்ந்திருந்தால் சூடு இறங்கிவிட்டது. கேட்டால் "தொட்டாலே தெரியும்" என்பார். அவரைப் புதியவர் ஒருவரோடு சோடி சேர்த்து, தொட்டுச் சொன்னதை உடனே வெப்பமானியால் ஒப்பிடவையுங்கள்.

வகுப்பு 45 நிமிடம் போதும். காலை 7 மணிப் பணியும் பகல் 1 மணிப் பணியும் சந்திக்கும் வேளையை ஒட்டி வைத்தால் இரண்டு அணியும் கிடைக்கும். இரவுப் பணியாளருக்கு வேறாக ஒரு நாள் வேண்டும். தொடக்கத்தில் ஒரு சிறு பரிசோதனை நன்றாக மனதில் ஏறும். இரண்டு வெற்று 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தல்களில் 37 பாகை நீர் நிரப்புங்கள். ஒன்றை ஈரத் துணியாலும் மற்றதைக் காய்ந்த துவாயாலும் சுற்றி ஒரே ஃபேனின் கீழ் வையுங்கள். 20 நிமிடம் கழித்து இரண்டையும் அளந்து காட்டுங்கள். ஆய்வுகூட வெப்பமானிதான் வேண்டும். உடல் வெப்பமானி ஏறிய இடத்திலேயே நின்றுவிடும், இறக்கத்தைக் காட்டாது.

பிள்ளையை இடம் மாற்றுவதை மறந்துவிடாதீர்கள். கந்தளாயிலிருந்தோ மூதூரிலிருந்தோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் பிள்ளை அம்புலன்ஸில் நீண்ட நேரம் இருக்கும். இன்குபேட்டர் இல்லாவிட்டால் தாயின் அல்லது வரும் உறவினரின் வெறும் மார்பில் தோலோடு தோலாக, கங்காரு முறையில் கட்டி, ஏசியைக் குறைத்து, புறப்படும்போதும் சேரும்போதும் சூட்டை எழுதவையுங்கள்.

மதிப்பீட்டில் வகுப்புக்கு முன்னும் பின்னும் பத்து வினா கேட்டதோடு நிறுத்தினால் அறிவு மட்டுமே அளக்கப்படும். பொம்மையில் செய்துகாட்டுவதற்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல், அதன்பின் உண்மையான பிள்ளைகளின் சூடு. பிறந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த கக்க (அக்குள்) வெப்பநிலையை, வகுப்புக்கு முன் அடுத்தடுத்துப் பிறந்த 30 பிள்ளைகளின் பதிவிலிருந்தும் வகுப்புக்குப் பின் 30 பிள்ளைகளின் பதிவிலிருந்தும் எடுத்து, 36.5க்குக் கீழ் எத்தனை என்று ஒப்பிடுங்கள். முன்னையதை ஆவணியிலும் பின்னையதை மார்கழியிலும் எடுத்தால், வகுப்பின் பலனையும் மாரியின் குளிரையும் பிரிக்க முடியாது. இரண்டையும் அருகருகான மாதங்களில் எடுங்கள். வெப்பமானியையும் பாருங்கள். பாதரச உடல் வெப்பமானி வழக்கமாக 35 பாகைக்குக் கீழே காட்டாது, 34இல் இருக்கும் பிள்ளையும் 35 என்றே பதிவாகும். உதறி இறக்காமல் வைத்தால் முந்தைய பிள்ளையின் சூடுதான் இந்தப் பிள்ளையின் பதிவில் ஏறும்.