பெரியப்பாவின் பெட்டியும் இரண்டு டின் மருந்தும்

பழைய இரும்புச் சாமான்களைத் துரு எடுத்து மறுபடி இயங்க வைப்பதுதான் சில வருடங்களாக என் பொழுதுபோக்கு. அரிக்கன் லாம்பு, திறப்பு தொலைந்த பூட்டு, தையல் மெசின் தலை என்று திருகோணமலை உவர்மலையில் உள்ள என் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டில் நிறைந்துபோய்க் கிடக்கிறது. இந்த முறை வந்தது தம்பலகாமத்திலிருந்து. பெரியப்பாவின் நெல் அறையை இடித்துக் கட்டப் போகிறோம், மூலையில் ஒரு தகரப்பெட்டி கிடக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ என்றார் அக்கா. பூட்டு இறுகியிருந்ததால் திறந்து பார்க்காமலே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருந்தது என்னவென்று தெரிந்த பிறகு அந்த ஆட்டோப் பயணத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. கந்தளாய் வீதியில் எத்தனை பள்ளம்!

சனிக்கிழமை காலை பூட்டைக் கழற்றினேன். மேலே இருந்தது ஒரு சின்ன இரும்பு யந்திரம். மேசை விளிம்பில் இறுக்கும் பிடி, பக்கத்தில் சுற்றும் கைபிடி. முதலில் தேங்காய் திருவலை என்றுதான் நினைத்தேன். ஆனால் பல் இல்லை, பித்தளைக் கிண்ணம் மாதிரி ஒரு வாய்தான் இருந்தது. அதன் கீழே கடதாசித் தோட்டாக் கோதுகள், 12 போர் என்று துவக்குக் குழாயின் அளவு அடியில் எழுதியவை. கம்பளி வட்டுகள், ஒரு பை ஈயச்சன்னம், பித்தளை அளவுக் கரண்டி. கடைசியாகத்தான் டின்கள் கண்ணில் பட்டன, இரண்டு.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. வயலுக்குள் பன்றி இறங்குகிற காலத்தில் பெரியப்பாவிடம் லைசன்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. சுட்ட கோதுக்குப் புதுக் கேப் (தட்டினால் பொறி விடுகிற சின்ன மூடி) போட்டு, மருந்து, அதாவது வெடிமருந்து, அளந்து, வட்டு வைத்து, சன்னம் போட்டு, அந்த யந்திரத்தால் கடதாசி விளிம்பை உள்ளே சுருட்டி மறுபடி தோட்டாவாக்குவார். எண்பதுகளில் துவக்கைக் கொடுக்கச் சொன்னபோது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதத்தான் வேண்டும். முதல் டின்னின் மூடி இறுகியிருந்தது. திருப்புளியை விட்டு நெம்பினேன். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. மூடி வந்தது, ஒரு தேக்கரண்டி அளவு கறுப்புக் குருணல் விரித்திருந்த பேப்பரில் கொட்டியது. கறுப்பு மருந்து நெருப்புப் பொறி ஒன்று விழுந்தாலே பற்றும். எனக்கு அன்று நேரம் நல்லதாக இருந்திருக்கிறது.

இரண்டாவது டின் மூடி தளர்ந்துதான் இருந்தது. திறந்ததும் மூக்கில் குத்துகிற மாதிரி ஒரு புளித்த நெடி. பற்றரித் தண்ணீர் வாசத்துக்குக் கிட்ட. உள்ளே சதுரம் சதுரமாகச் சாம்பல் நிறச் செதில்கள், அவற்றின் மேல் செங்கல் தூள் தூவியது போலச் செம்பழுப்பு. டின்னின் வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. துரு முழுக்க உள்ளேதான். துருவோடு பழகிய கைக்கு அது சரியாகப் படவில்லை. துரு பொதுவாக வெளியிலிருந்துதான் உள்ளே போகும்.

மூடியை மேலே மெதுவாக வைத்துவிட்டு கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அங்கே அவருக்குத் தோட்டா மறுபடி நிரப்புவது பொழுதுபோக்கு, முறையான லைசன்ஸோடு. அங்கே நடுச்சாமம். ஆனாலும் உடனே கோல் வந்தது.

“டேய், முதல்ல அந்தக் கொட்டிலை விட்டு வெளியில வா. வந்திட்டுக் கதை.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. ஒன்று கறுப்பு மருந்து, மற்றது புகையில்லா மருந்து. பெயர் இரண்டுக்கும் மருந்துதான், குணம் வேறு. கறுப்பு மருந்து என்பது நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஈரம் படாவிட்டால் நூறு வருடம் கழித்தும் பற்றும். தண்ணீர்தான் அதற்கு எமன், வெடியுப்பு கரைந்து போய்விடும். புகையில்லா மருந்து 1884இல் பிரான்ஸில் பால் வியெய் கண்டுபிடித்த வழியில் வந்தது, நைட்ரோசெல்லுலோஸ். அது தண்ணீரில் கரையாது. நனைத்துக் காயவைத்தால் பழையபடி எரியும். ஆனால் அது தானாகவே மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது அமில வாயு வரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். அதை உறிஞ்சிக்கொள்ளத்தான் டைபினைலமின் மாதிரி ஒன்றைச் சேர்த்துச் செய்கிறார்கள். அது தீர்ந்துபோனால் டின்னுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், யாரும் கொளுத்தாமலே பற்றலாம். புளித்த நெடி, செம்பழுப்புத் தூள், உள்துரு, மூன்றும் அதன் அடையாளம்தான். குளிர்ந்த இடத்தில் வைத்தால் நல்ல மருந்து பல பத்து வருடம் கெடாதாம். நான் வைத்திருந்ததோ தகரக் கொட்டிலில், ஆனி மாதத்துக் கச்சான் வெயிலில்.

“நீங்கள் அங்க என்ன செய்யிறனீங்கள்?” என்று கேட்டேன். அவருடைய வயல்காணியில் புல் பூண்டில்லாத வெறும் மண்ணில், கொஞ்சமே கொஞ்சமாக, மெல்லிய கோடாகப் பரப்பிக் காற்று வருகிற பக்கம் நின்று எரிப்பார்களாம். மூடிய எதற்குள்ளும் வைத்து எரிக்கக் கூடாது. அதைச் சொன்ன மூச்சிலேயே, “நீ செய்யாத. உனக்கு லைசன்ஸும் இல்லை, இடமும் இல்லை. பொலிசுக்குச் சொல்லு,” என்றார்.

அதுதான் எனக்குக் கசந்தது. திருகோணமலையில் வெடிமருந்து என்று வாயைத் திறந்தால் முதலில் வருகிற கேள்வி, மீனுக்கு டைனமைட் போடுகிற ஆளா என்பதுதான். இரண்டாவது கேள்வி அதைவிடப் பழையது, அதை நான் எழுதத் தேவையில்லை. தூக்கிக் குளத்தில் போட்டால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தேன், உண்மைதான். ஆனால் 1942இல் யப்பான்காரன் குண்டு போட்ட ஊர் இது. பிறகு நம்முடைய யுத்தமும் முடிந்து, கண்ணிவெடி எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு நடுவே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஊர். யாரோ எறிந்துவிட்டுப் போனது யாருடைய பிள்ளையின் கையிலோ போய்ச் சேரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வெடிபொருள் சட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. எறிந்தாலும் தப்பு, வைத்தாலும் தப்பு. சொல்லிவிடுவதுதான் மிச்சம்.

பொலிசின் 119க்கு எடுத்தேன். தொடாதே, வருகிறோம் என்றார்கள். அன்று வரவில்லை. டின்களை அசைக்காமல், சுற்றியிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல், தின்னர், பழந்துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொட்டில் கதவைத் திறந்துவிட்டேன். “இஞ்சேருங்கோ, நான் தங்கச்சி வீட்ட போறன்,” என்று மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போய்விட்டாள். இரவு முழுக்க முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தேன்.

பேப்பரில் கொட்டியதை மட்டும் மச்சானிடம் கேட்டு நானே கவனித்தேன். பேப்பரோடு தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டதும் பேனை மை கொட்டியது போலக் கறுத்தது. ஒரு மணித்தியாலத்தில் கரியும் கந்தகமும் அடியில் சேறாக இறங்க, மேலே தண்ணீர் தெளிந்தது. வெடியுப்பு அந்தத் தெளிவுக்குள் இருக்கிறது. கொஞ்சத்தைச் சாசரில் ஊற்றி வெயிலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் சாசரின் ஓரத்தில் மல்லிகைக் காம்பு மாதிரி வெள்ளை ஊசிகள்! இதனால் ஒன்று விளங்கியது. நனைத்தது போதும் என்று அப்படியே காயவிட்டால், கரைந்த உப்பு சேற்றோடே தங்கிவிடும். தெளிந்த தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி வடிக்க வேண்டும். மூன்று முறை வடித்தேன், கிணற்றுப் பக்கம் போகாமல் வேலியோரம் ஊற்றினேன். இரண்டாம் டின்னின் மூடியில் ஒட்டிவந்த நாலு செதிலை யாம் போத்தல் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாளும் அப்படியே கிடந்தன, ஓரம்கூட மழுங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார்கள். வாக்குமூலம் இரண்டு மணித்தியாலம். யாருடையது, எப்படி வந்தது, ஏன் திறந்தாய். அக்கா பெரியப்பாவின் பழைய லைசன்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு கிராம சேவகரோடு வந்து நின்றார். அது இல்லாவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். பிறகு அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கச் செய்யும் ஆட்கள் வந்து டின்களையும் கோதுகளையும் எடுத்துப் போனார்கள். கோதுகளுக்கு நடுவே ஒரு தீப்பெட்டி இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. உள்ளே இருபது முப்பது கேப்புகள். அதைக் கண்டதும்தான் வந்தவர்களில் பெரியவரின் முகம் மாறியது. மருந்துக்கு நெருப்பு வேண்டும், கேப்புக்கு ஒரு தட்டுப் போதும். எண்ணெயில் போட்டால் செத்துவிடும் என்று பலர் சொல்வார்கள், நம்பாதே என்று சிங்களத்தில் சொன்னார். என் யாம் போத்தலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சுருட்டும் யந்திரத்தைப் பட்டியலில் எழுதி, கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அதை இரண்டு வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை வாயைப் புளியால் தேய்த்தேன். இப்போது பட்டு மாதிரிச் சுற்றுகிறது. கொட்டிலில் வேண்டாம் என்று குசினி மேசை விளிம்பில் இறுக்கி வைத்திருக்கிறேன். இதற்குப் பல்லு வைத்தால் தேங்காய் திருவலாமா என்று மனைவி நேற்றும் கேட்டாள்.