அம்மாவின் மூச்சுக் கணக்கு

ஜனவரி 9, 2025

மார்கழிப் பனி வந்தாலே அம்மாவுக்கு இளைப்பு எகிறிவிடும். சி.ஓ.பி.டி. என்கிற, மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். சித்தப்பா இன்றைக்கும், "சி.ஓ.பி.டி. பீடி குடிக்கிறவனுக்குத்தானே வரும்?" என்று ஆரம்பித்தார். காஸ் அடுப்பு வரும்வரை ஜன்னல் இல்லாத சமையற்கட்டில் விறகையும் வரட்டியையும் ஊதி இந்தக் குடும்பத்துக்கே சோறு பொங்கியது யாராம்? ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சளவு சோதனையில் முழு மூச்சையும் வேகமாக ஊதும்போது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகும், முதல் நொடியில் வருவது மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் இந்த நோய்தான். மெஷினுக்கு பீடிப்புகையும் விறகுப்புகையும் ஒன்றுதான்.

ஜனவரி 11

குளித்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, கழுத்தெலும்புக்கு மேல் குழி விழ விழ இழுக்கிறார். உண்மையில் இழுப்பதைவிட விடுவதுதான் பாடு. மூச்சுக்குழாய்கள் சுருங்கியதால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும், அகல் சுடர் அணையாமல் ஆடுகிற அளவுக்கு. குளியலறையில் ஸ்டூல் போட்டாயிற்று. சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், வயிறு முட்டினால் மூச்சும் முட்டும்.

ஜனவரி 13, போகி

விடியுமுன்பே தெருவெல்லாம் டயர் நாற்றம். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். ஆக்சிஜன் மெஷின் நிமிடத்துக்கு 2 லிட்டரில் ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் மெஷினில் 89 சதவீதம். பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை: "கூட்டி வையேன்டி, 98 வர வேண்டாமா?" கொரோனா சமயத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று எல்லோரும் மனப்பாடம் செய்ததன் வினை இது. அம்மாவுக்கு டாக்டர் போட்ட எல்லை 88 முதல் 92. இந்த நோயில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, அரைத்தூக்கமாகக் கிறங்கி, எழுப்பினாலும் எழாத நிலைக்குப் போய்விடுவார்கள். பெரியம்மா காபி போடப் போன நேரத்தில் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் திரும்பாதபடி டேப் ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 16

சளி மஞ்சளாகிவிட்டது, அளவும் கூடுதல். டாக்டரிடம் காட்டியதில் ஆன்டிபயாடிக், 5 நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்தைத் தேக்கித் தரும் குடுவை) வைத்தே இழுக்க வேண்டும், அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். அம்மாவுக்குக் கொப்பளிப்பதென்றால் அலுப்பு. "தண்ணியைக் குடிச்சா ஆகாதா?" என்கிறார்.

நாளை பகலில் கரண்ட் இருக்காதாம், ஆக்சிஜன் மெஷின் ஓடாது. ஆக்சிஜன் சிலிண்டர்காரருக்கு போன் செய்தேன், காலை 8 மணிக்குள் கொண்டுவருவதாகச் சொல்கிறார், பார்ப்போம்.