ஆட்குறைப்புக் கடிதம் வாங்கிய ஏஎம்இக்களுக்கு: சமரச அலுவலகத்தில் பட்டதும் பெற்றதும்

2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது எங்கள் விமான நிறுவனம் பராமரிப்புப் பொறியாளர்களை (ஏஎம்இ) வெளியேற்றிய வரிசை இது: முதலில் சம்பள வெட்டு, அடுத்து சம்பளமில்லா விடுப்பு, கடைசியில் மனிதவளத் துறையிலிருந்து ஓர் அழைப்பு. அந்த அழைப்பில் ஆட்குறைப்பு என்ற சொல்லே வராது. "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், கணக்கையும் சீக்கிரம் முடித்துவிடலாம்" என்பார்கள். தட்டச்சு செய்த கடிதம் மேசைமேல் தயாராக இருக்கும்.

அதில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இழப்பீடாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. தொழில் தகராறுகள் சட்டம் 1947, தானாக விரும்பி விலகியவரை ஆட்குறைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. 25எஃப் பிரிவு தரும் ஒரு மாத முன்னறிவிப்பும் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளமும் அந்த ஒரு கையெழுத்தோடு போயின. மறுத்து நின்றவர்களுக்குத்தான் முறையான ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் பிரிவுகள் 2025 நவம்பர் 21க்கு முன்பிருந்த இந்தப் பழைய சட்டத்தின்படி; அதன் பின் மாறியதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே போவது என்பதிலேயே பலருக்கு நாள் வீணானது. சகாக்கள் சிலர் மாநிலத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். அங்கே வாங்கியும் கொண்டார்கள். வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, "எங்கள் வரம்புக்குள் வராது" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். விமானப் போக்குவரத்துக்குச் சட்டம் சொல்லும் உரிய அரசு மத்திய அரசு. எனவே மனு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் கீழுள்ள உதவி ஆணையருக்கோ மண்டல ஆணையருக்கோ போக வேண்டும். தகராறைப் பேசித் தீர்க்கும் சமரச அதிகாரிகள் அவர்கள்தான். தபால் வாங்கும் மேசையில் நகலில் முத்திரை வைக்கத் தயங்கினால் நகர வேண்டாம். அந்த முத்திரைத் தேதிதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்களிடம் "பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை வரும்" என்றார் எழுத்தர். பதிவுத் தபாலிலும் அனுப்பினோம், முத்திரையும் வாங்கினோம்.

தேதி ஏன் முக்கியம்? சங்கம் எழுப்பும் கூட்டுத் தகராறு சமரசத்தில் முறிந்தால், அது தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகப் பழைய சட்டத்தில் அரசு பரிந்துரைக்க வேண்டியிருந்தது. கோப்பு டெல்லி போய்த் திரும்பும்வரை நம் கையில் எதுவும் இல்லை. ஆனால் 2ஏ பிரிவின்படி தனிநபராகக் கொடுத்த மனுவுக்கு 45 நாள் கடந்துவிட்டால், முறிவறிக்கைக்கோ பரிந்துரைக்கோ காத்திராமல் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். ஆகவே சங்க மனு ஒன்று, அதோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனி 2ஏ மனு என்று இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று தனிமனு போடாமல் இருந்தவர்கள் பரிந்துரைக்காகக் காத்துக் கிடந்தபோது, தனிமனு போட்டவர்களின் வழக்குக்குத் தீர்ப்பாயத்தில் எண் கிடைத்துவிட்டது.

சங்கம் என்றதும் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல ஏஎம்இ அமைப்புகள் 'நலச் சங்கம்' என்ற பெயரில் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்கின்றன. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப் பதிவு இல்லையென்றால், நிர்வாகத்தின் முதல் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும். சங்க நிர்வாகிகளைப் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' (தகராறு நடக்கும்போது அனுமதியின்றி நீக்க முடியாதவர்) ஆக்கக் கோரும் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்ட ஆண்டில்தான் ஆட்குறைப்புப் பட்டியலில் செயலாளர் பெயர் முதலில் இருக்கும்.

வேலைநிறுத்தம் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பழைய சட்டத்தில் விமானச் சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது. அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமலும், சமரசம் நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் ஆகும்வரையும் நிறுத்தம் சட்டவிரோதம். எல்லோரும் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று சொல்வதும் நிறுத்தமாகவே கணக்காகும். நிர்வாகம் அதற்காகத்தான் காத்திருக்கும். 2010 மே மாதம் ஏர் இந்தியாவில் பொறியாளர்களும் ஊழியர்களும் வேலையை நிறுத்தியபோது, நீதிமன்றத் தடையும் பணிநீக்கமும் சங்க அங்கீகார ரத்தும் அடுத்தடுத்து வந்தன.

ஆனால் அறிவிப்புக்கு வேறொரு பயன் உண்டு. பொதுப் பயன்பாட்டுச் சேவையில் வேலைநிறுத்த அறிவிப்பு சமரச அதிகாரியின் கையில் கிடைத்த நாளே சமரசம் தொடங்கியதாகப் பழைய சட்டம் கொண்டது. அந்தக் கணத்திலிருந்து 33ஆம் பிரிவு வந்துவிடும். தகராறில் உள்ள பணி நிலைமைகளை, அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற முடியாது. நிறுத்துவதற்காக அல்ல, இருக்கும் நிலைமையை உறைய வைப்பதற்காகத்தான் அறிவிப்பு. ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற வாசனை வந்தவுடனே இதைச் செய்ய வேண்டியிருந்தது. கடிதம் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

இனி முக்கியமான சண்டை. "ஏஎம்இ தொழிலாளியே அல்ல, நிர்வாக அதிகாரி." இந்த ஒரு வாதத்தில் நிறுவனம் வென்றால் 25எஃப் முதல் எல்லாமே விழும். மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் பழைய சட்டத்துக்கு வெளியே. நம் பதவிப் பெயரோ 'துணை மேலாளர், பொறியியல்'. டெக்னீஷியன்கள் செய்த வேலைக்கு நாம் கையெழுத்துப் போட்டு விமானத்தைச் சேவைக்கு விடுவிக்கிறோம், எனவே மேற்பார்வை என்பார்கள்.

பதில் இதுதான்: விடுவிப்புச் சான்று விமானத்தின் பறக்கும் தகுதிக்கான சான்று, ஆட்களை ஆளும் அதிகாரம் அல்ல. பெயர்ப்பலகையை அல்ல, முதன்மையான வேலை எது என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. நீங்கள் யாருக்காவது விடுப்பு வழங்கினீர்களா? யாருடைய ஆண்டு மதிப்பீட்டையாவது எழுதினீர்களா? குற்றக் குறிப்பாணை கொடுத்தீர்களா? இல்லையென்றால் அதைப் பிரமாணத்தில் வரிவரியாகச் சொல்லுங்கள். ஷிஃப்ட் ரோஸ்டர், ஓவர்டைம் வாங்கிய சம்பளச் சீட்டு இரண்டும் கை கொடுக்கும்.

சொந்தக் கையால் செய்த வேலையை நிரூபிக்க, ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்திடும் டாஸ்க் கார்டுகள் வேண்டும். அவை நிறுவனத்தின் ஆவணங்கள். அலைபேசியில் படமெடுத்து வந்தால் ரகசிய மீறல் என்று தனிக் குற்றச்சாட்டு போடுவார்கள். நம்முடைய அனுபவப் பதிவேடு இதற்குத்தான். தேதி, விமானப் பதிவெண், ஏடிஏ அத்தியாயம் (விமானத்தின் எந்த அமைப்பு என்று காட்டும் எண்), செய்த வேலை எல்லாம் அதில் இருக்கும். சக்கரம் மாற்றியது, போர்ஸ்கோப் ஆய்வு, எரிபொருள் பம்ப் மாற்றியது என்று அதிலிருந்து பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்டு, "இந்தத் தேதி, இந்தப் பதிவெண், இந்த வேலைக்கான கார்டை நிறுவனம் தாக்கல் செய்யட்டும்" என்று தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். பொதுவாக "எல்லாக் கார்டுகளும்" என்று கேட்டால் கிடைக்காது. குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பது கடினம்.

அடுத்தது பணக் கணக்கு. எங்களுக்கு வந்த தொகை அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும் போட்டது. ஏஎம்இ சம்பளத்தில் பாதிக்கு மேல் உரிமத்துக்கான படி, விமான வகைக்கான படி என்றுதான் வரும். 25எஃப் இழப்பீடு சராசரி ஊதியத்தின் மேல் கணக்கிடப்படுவது, ஊதியம் என்பதில் படிகளும் அடங்கும். ஓர் எடுத்துக்காட்டு: அடிப்படை 40,000, படிகளோடு மொத்தம் 1,20,000, பணி 11 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 12 ஆண்டு. அடிப்படை மேல் போட்டால் 2,40,000. ஊதியம் மேல் போட்டால் அரை மாதம் 60,000 வீதம் 7,20,000. இந்த வித்தியாசம் பணத்தோடு நிற்பதில்லை. முழு இழப்பீடும் வெளியேற்றும் நேரத்திலேயே கொடுக்கப்பட வேண்டும் என்பது முன்நிபந்தனை, குறைத்துக் கொடுத்தால் ஆட்குறைப்பே செல்லாது என்று வாதிடலாம். எங்கள் தரப்பின் பலமே இதில்தான் இருந்தது.

நிறுவனத்தின் மாற்று வழி சராசரியிலேயே இருந்தது. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி. அந்த மூன்று மாதமும் சம்பள வெட்டு மாதங்கள்! வெட்டுக்கு 9ஏ பிரிவின்படி 21 நாள் அறிவிப்புக் கொடுக்கவில்லை, எனவே வெட்டே செல்லாது, கொடுக்க வேண்டியிருந்த ஊதியத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இதை மனுவின் முதல் பிரதியிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் சேர்த்தால் புதுக் கோரிக்கை என்பார்கள்.

தொகை வங்கிக் கணக்கில் தானாக விழுந்துவிடும். விழுந்த அன்றே "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று மின்னஞ்சலும் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டும் அனுப்பிவிடுங்கள். 'முழு இறுதிக் கணக்கு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற சீட்டில் கையெழுத்து வேண்டாம்.

யாரை அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்கிறது 25ஜி. பிரிவுவாரியான பணிமூப்புப் பட்டியலை ஏழு நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் அன்றே கடிதம் போட்டுக் கேளுங்கள். பழைய வகை விமானம் ஓய்வு பெறுகிறது, அந்த வகை உரிமம் உள்ளவர்கள் போகட்டும் என்று எங்கள் நிர்வாகம் சொன்னது. பதவியும் ஊதிய நிலையும் ஒன்று என்றால், வகை உரிமம் ஒரு கூடுதல் தகுதிதான், தனிப் பிரிவு அல்ல என்பது எங்கள் நிலை.

சமரசத்துக்குப் பழைய சட்டம் சொன்ன காலம் 14 நாள். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. நிறுவனப் பிரதிநிதி அதிகாரக் கடிதம் இல்லாமல் வந்து, "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்க்கொண்டே இருந்தார். படிவம் 'எஃப்' அங்கீகாரம் இல்லாமல் பேச்சுவார்த்தை வேண்டாம் என்று பதிவு செய்யச் சொன்ன பிறகுதான் முடிவெடுக்கக்கூடியவர் வந்தார். இன்னொரு முறை வழக்கறிஞரையே அழைத்து வந்தார்கள். சமரசத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை என்று 36(3) பிரிவைக் காட்டினோம். வெளியே உட்கார வைத்தார்கள். அன்றுதான் முதல்முறையாகப் படிகளைச் சேர்ப்பது பற்றிப் பேச்சே எழுந்தது. பின்னர் தனிமனு போட்டவர்களுக்கு உரிமப்படியைச் சேர்த்துத் திருத்திய தொகை வந்தது.

கவனிக்காவிட்டால் மொத்தமும் பறிபோகும் இடம் வேறொரு சங்கத்தின் கையெழுத்து. சமரச அதிகாரி முன் போடும் 12(3) ஒப்பந்தம், கையெழுத்திடாதவர் உட்பட எல்லாத் தொழிலாளரையும் கட்டும். சமரசத்துக்கு வெளியே போடும் 18(1) ஒப்பந்தம், அதைப் போட்டவரை மட்டும் கட்டும். டெக்னீஷியன் சங்கத்தோடு குறைந்த தொகைக்கு 12(3) போடும் முயற்சி நடந்தது. எங்கள் தகராறு நிலுவையில் இருக்கிறது, எங்களையும் அழைக்காமல் எதையும் பதிவு செய்யக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கியதால் நின்றது.

கடைசி நாளில் செய்ய வேண்டியவை: வேலைக்குச் சான்றளிக்க நமக்குத் தந்த அங்கீகார முத்திரையை ஒப்படைக்கும்போது அதன் எண்ணோடு ரசீது வாங்குங்கள். உங்களுக்குப் பின் அந்த எண் எங்கே விழுந்தாலும் நீங்கள் பொறுப்பல்ல என்பதற்கு அது ஒன்றே சாட்சி. விமான நிலைய நுழைவு அட்டைக்கும் அப்படியே. பதிவேட்டில் தர மேலாளர் கையெழுத்து நிலுவை இருந்தால் அன்றே முடியுங்கள். இரண்டு ஆண்டில் ஆறு மாத அனுபவம் காட்டாவிட்டால் சான்றளிக்கும் உரிமை தொங்கும். விலகும்போது தனிப்பட்ட ஆவணங்களின் நகலைக் கேட்டால் நிறுவனம் தர வேண்டும் என்று கார்-145 (விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான விதி) சொல்கிறது, எழுத்தில் கேளுங்கள்.

பணிக்கொடை தனி வழக்கு, தனிப் படிவம். 2025 நவம்பர் 21க்கு முன்பிருந்த பணிக்கொடைச் சட்டப்படி, படிவம் 'ஐ' நிறுவனத்துக்கு 30 நாளுக்குள். தராவிட்டால் படிவம் 'என்' கட்டுப்பாட்டு அதிகாரிக்கு 90 நாளுக்குள். இங்கே அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும், வகுப்பது 26ஆல். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 40,000 × 15 ÷ 26 × 12, அதாவது 2,76,923. பிஎஃப் ஆன்லைனில் சிக்கலின்றி வந்தது.

நிறுவனமே திவாலாகிவிட்டால் கதை மாறும். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்ற நாளில் நிறுவனத்துக்கு எதிரான வழக்குகள் நிற்கும். திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம், நிலுவையைக் கோரிப் படிவம் 'டி' போட வேண்டும். கலைப்பில் தொழிலாளிக்கு 24 மாத நிலுவை முன்வரிசையில், மற்ற ஊழியருக்கு 12 மாதம்தான், அதுவும் கீழ் வரிசையில். தொழிலாளியா இல்லையா என்ற சண்டை இங்கும் வரும். ஜெட் ஏர்வேஸ் வழக்கில் பிஎஃப், பணிக்கொடை முழுவதும் ஊழியருக்குத் தரப்பட வேண்டும் என்று 2022இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதும், 2023இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததும் கையில் வைத்திருக்க வேண்டியவை.

2025 நவம்பர் 21 முதல் கடிதம் வாங்கியவர்கள், பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020ஐப் பாருங்கள். மேற்பார்வையாளர் வரம்பு 18,000 ரூபாய். தனிநபர் தீர்ப்பாயம் போக முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டு. மறுதிறன் நிதியாக (வேறு திறன் கற்றுக்கொள்வதற்காக)ப் பதினைந்து நாள் ஊதியம் 45 நாளுக்குள் கணக்கில் வர வேண்டும், இதை நிறுவனங்கள் தாமாகச் சொல்வதில்லை.

பழைய சட்டத்தில் வெளியேறியவர்களுக்கு 25எச் உண்டு. நிறுவனம் மீண்டும் ஆளெடுத்தால் நமக்கு முன்னுரிமை, காலியிடத்தைப் பதிவுத் தபாலில் பத்து நாள் முன்பே அறிவிக்க வேண்டும். எங்கள் நிறுவனம் பறப்பைத் தொடங்கியதும் ஒப்பந்தப் பொறியாளர்களை எடுத்தது. ஆட்சேபித்தபோது, கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பின என்று உறைகளைக் காட்டினார்கள். வீடு மாறினால் புது முகவரியைப் பதிவு வசதியுள்ள ஸ்பீட் போஸ்டில் மனிதவளத் துறைக்கு அனுப்பி, ஒப்புகையை வழக்குக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.