இருபது டிகிரி

கரூர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தபோது, வெப்ப விரிவு என்பது எங்களுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. நீளம், விரிவுக் குணகம், வெப்பநிலை மாற்றம், மூன்றையும் பெருக்கினால் விடை. தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று கூடுதலாக ஒரு வரி எழுதலாம். அந்தக் கேள்விதான் பெங்களூரில் என் எம்.டெக். ஆய்வாகவும், அப்புறம் அங்கேயே பீன்யா தொழிற்பேட்டையில் என் வேலையாகவும் ஆனது.

கேட் நுழைவுத் தேர்வு எழுதி இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தேன். முதல் வருடம் பாடங்களிலேயே போய்விட்டது. கடினமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மில்லிங் இயந்திரத்தில் வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில், ஓட ஓடச் சூடாகி எவ்வளவு நீள்கிறது என்பது. பேரிங்கின் உராய்வும் மோட்டாரின் சூடும் சேர்ந்து அதைக் காய்ச்சுகின்றன. எஃகு, மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். 300 மில்லிமீட்டர் ஸ்பிண்டில் 15 டிகிரி ஏறினால் 50 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலேயே நீண்டுவிடும். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். வெட்டும் கருவி அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கும். இயந்திரப் பிழைகளில் 40 முதல் 70 சதவீதம் வரை வெப்பத்தால் வருபவை என்று இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பேரிங் கூட்டைச் சுற்றி தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரிகளை ஒட்டி, கணினியில் மாதிரி செய்து, இரண்டையும் ஒப்பிட்டேன். ஏசி ஆய்வகத்தில் கணிப்பும் அளவும் அழகாக ஒட்டிப்போயின.

பீன்யாவில் கதை வேறு. தகரக் கூரை, திறந்த ஷட்டர், ஏப்ரல் வெயில். எங்கள் தொழிற்சாலையில் அலுமினிய உறைகள் கடைகிறோம். நீளம் 600 மில்லிமீட்டர், அனுமதித்த விலகல் கூட்டியோ குறைத்தோ 25 மைக்ரான். ஷெட்டில் சரியாக இருந்த பீஸ், ஏசி போட்ட சிஎம்எம் (பீஸின் அளவுகளை நுட்பமாக எடுக்கும் இயந்திரம்) அறைக்கு வந்தால் குறைவாகக் காட்டியது. எங்கள் ஷாப் சூப்பர்வைசர் கிருஷ்ணகிரிக்காரர். நேராக என் அறைக்கே வந்து, "தம்பி, என் மைக்ரோமீட்டர் பொய் சொல்லுதா, உங்க மெஷின் பொய் சொல்லுதா?" என்று கேட்டார்.

இரண்டுமே பொய் சொல்லவில்லை. வரைபடத்தில் எழுதும் எந்த நீளமும் 20 டிகிரியில் இருக்க வேண்டிய நீளம். 1931இலேயே உலக அளவில் முடிவான விஷயம் இது. ஷெட்டில் 30 டிகிரி. அலுமினியம் மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகைப்போல இரண்டு மடங்கு. 10 டிகிரி கூடினால் பீஸ் 138 மைக்ரான் வளர்கிறது. ஆனால் அளக்கிற எஃகு மைக்ரோமீட்டரும் அதே சூட்டில் 69 மைக்ரான் வளர்ந்திருக்கிறது. மிச்சம் 69. ஷெட்டில் மிகச் சரியாக 600 என்று படித்த பீஸ், 20 டிகிரிக்கு ஆறியதும் 599.931. ரிஜெக்ட்.

அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை இன்ஸ்பெக்ஷன் ஷீட்டின் பின்பக்கமே போட்டோம். ஒவ்வொரு பீஸையும் மணிக்கணக்கில் அறையில் ஆறவைத்து அளந்தால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் 20 டிகிரியில் அளவு உறுதி செய்த ஒரு அலுமினிய மாதிரித் துண்டை, அதாவது மாஸ்டரை, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதோடு ஒப்பிட்டு அளக்கலாம் என்றேன். ஒரே உலோகம், ஒரே சூடு. விரிவு தானாகக் கழிந்துவிடும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா மாஸ்டரும் அதே கூலன்ட்ல நனையணும் தம்பி. சும்மா மேசை மேல கிடந்தா அதுக்கு வேற சூடு" என்றார். உண்மைதான். வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றுகிற திரவம்தான் கூலன்ட்; அதன் தொட்டியின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையோடு ஒத்துப்போவதே இல்லை. மாஸ்டருக்குக் கூலன்ட் விழும் இடத்திலேயே ஒரு தாங்கி செய்தோம். இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் அளவுக்குப் பக்கத்தில் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். சூப்பர்வைசர் இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆய்வகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே தெர்மோகப்பிள் ஒட்டிப் பழகியிருக்காவிட்டால் இந்தக் கணக்கில் எதைப் பிடித்துக்கொள்வது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எம்.டெக். மாணவர்கள் தலைப்பு முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு ஷிஃப்டாவது ஷாப்பில் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பீன்யாவிலிருந்து இந்திய அறிவியல் கழகம் ஒன்றும் தூரமில்லை, யஷ்வந்தபுரம் தாண்டினால் வந்துவிடும். கட்டுரைகளில் "சுற்றுப்புற வெப்பநிலை மாறாதது எனக் கொள்வோம்" என்று ஒரே வரியில் கடந்துபோகிற இடம், எங்கள் ஷெட்டில் காலை ஷிஃப்டுக்கும் மதிய ஷிஃப்டுக்கும் நடுவே தினமும் மாறுகிறது.

இப்போது பகுதி நேர பிஎச்.டி.க்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷட்டர் திறந்திருக்கும் ஷெட்டில், டிசம்பர் காலைக் குளிரில் தொடங்கும் இயந்திரம் எத்தனை நேரம் வெறுமனே ஓடினால் முதல் பீஸ் சரியாக வரும் என்பதுதான் கேள்வி. சூப்பர்வைசர் அரை மணி நேரம் என்கிறார். மின்கட்டணம் பார்க்கிறவர்கள் பத்து நிமிடம் போதும் என்கிறார்கள்.