காற்றாடிமலையில் ஒரு மெழுகுதிரி

போன ஆடி மாதம் அக்காவும் நானும் தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம். எனக்கு வேலை போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. 24 வருடம் ஒரே நிறுவனத்தில் கணக்கு எழுதியவன் நான். ஆள் குறைக்கிறோம் என்று ஒரு மாலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேசையில் இருந்த டிபன்பாக்ஸையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

பணக்கஷ்டம்கூட இரண்டாம்பட்சம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "அண்ணாச்சி, இப்ப என்ன பண்ணுதீங்க?" என்று கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. தெருவே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கைலியோடு வாசலில் நிற்பது அதைவிடக் கொடுமை. ஞாயிறு பூசைக்குப் போவேன். ஆனால் தூணுக்கு மறைவாக நின்றுவிட்டு, கடைசி ஆசீருக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடுவேன். யாருக்கும் வேண்டாதவன் ஆண்டவருக்கு மட்டும் எதற்கு என்று உள்ளே ஒரு குரல். பங்குச்சாமியார் இரண்டு தடவை கூப்பிட்டு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை, வாரீங்களா என்று கேட்டார். தட்டிக் கழித்துவிட்டேன்.

"காத்தாடிமலைக்கு நேர்ந்திருக்கேன். துணைக்கு வா தம்பி" என்றாள் அக்கா. எனக்காகத்தான் நேர்ந்திருக்கிறாள் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் வடக்கன்குளத்தில் இறங்கினோம். விசுவாசத்துக்காகக் காற்றாடிமலையில் உயிர்விட்ட புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்தவர், 1745 மே 14 அன்று இங்கேதான் லாசர் என்ற பெயரை ஏற்றார். கடவுளே துணை என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அதன் தமிழ்தான் தேவசகாயம். இந்த ஊர்க் கோவிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லாரோடும் சேர்ந்து உண்டு, எல்லா மனிதரும் சமம் என்று சொல்லி நடந்தவர் அவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, பிற்காலத்தில் கோவிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் வைத்தார்கள். அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. மனிதனுக்கு மனிதன் விலை போடும் பழக்கம் பீடத்துக்கு முன்னால் வந்தும் நம்மை விடவில்லை என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப்பட்டம் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். அன்று டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அங்கிருந்து காவல்கிணறு வந்து, நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்தோம். முப்பந்தல் தாண்டும்போது இருபுறமும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று என்றால் சும்மா இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவின் முந்தானை என் முகத்தில் வந்து அறைந்தது. காற்றாடிமலை என்று சும்மாவா பேர் வைத்தார்கள்!

மலையடியில் வியாகுல அன்னை ஆலயம். அங்கே கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்துவிட்டுப் பாறைக்குப் போனோம். 1752 சனவரி 14 அன்று படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். அவர் மண்டியிட்டு ஜெபித்த தடம் என்று பாறையில் காட்டுகிறார்கள். கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கும் ஒரு பாறையும் உண்டு. ஒரு சிறு பையன் தட்டிக்கொண்டே இருந்தான், நங் நங் என்று. ஏறக்குறைய மூன்று வருடம் சிறையும் வதையும். எருமை மேல் உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துப் போயிருக்கிறார்கள். காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்திருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவரை, அவரைத் தெரிந்த சனங்கள் பார்க்கவே இப்படிச் செய்திருக்கிறார்கள். எருமை மேல் போன அந்த ஊர்வலத்தைத்தான் நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடியைவிட அது பெரிது என்று, பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்தவனுக்குத் தோன்றியது.

மெழுகுதிரி ஏற்றப் போனால் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏழெட்டுத் தீக்குச்சி வீணானது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, "மக்களே, காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. கையைக் குவிச்சுப் பிடி" என்றார். அப்படியே செய்தேன். குவித்த உள்ளங்கைக்குள் சுடர் முதலில் நீலமாக ஒடுங்கி, பிறகு மெல்ல மஞ்சளாக எழுந்தது. மெழுகு உருகிப் பெருவிரலில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் பைபிளில் வரும் யோபு நினைவுக்கு வந்தார். அதற்குக் காரணம் உண்டு. பயிரும் மாடுகளுமாகச் சொத்துகள் அழிந்து நொந்து கிடந்த நீலகண்டனுக்கு, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய் சொன்ன கதை அது. டிலனாய் யார்? 1741இல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னரிடம் பிடிபட்ட தளபதி. பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் அவர் கல்லறை இருக்கிறது. தோற்றுப்போன ஒருவர், இழந்துபோன ஒருவருக்கு, எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒருவரின் கதையைச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஒரு புனிதர் வந்தார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு யோபு கதையில் ஒரு குறை உண்டு. ஏன் இப்படி என்று அந்த மனுசன் அத்தனை அதிகாரம் கதறுகிறார். ஆண்டவர் கடைசியில் வருகிறார், ஆனால் அந்த ஏனுக்குப் பதில் சொல்வதில்லை. உலகுக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிறார். வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா, காக்கைக்குஞ்சுக்கு இரை கொடுப்பது யார் என்கிறார். இது என்ன பதில் என்று நினைத்திருக்கிறேன்.

அன்று பாறையில் நின்றபோது, ஆண்டவர் அதைப் பேசியது சூறாவளியின் நடுவிலிருந்து என்பது உறைத்தது. காது அடைக்கும் காற்று எனக்கும் அடித்துக்கொண்டிருந்தது. குப்பைமேட்டில் ஓட்டாஞ்சில்லியால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தவரை, நண்பர்களே குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் மாடு இல்லை, மக்கள் இல்லை, மரியாதை இல்லை. அந்த ஆளோடு உட்கார்ந்து பேச ஆண்டவர் வருகிறார். வரையாட்டைப் பற்றியும் காக்கைக்குஞ்சைப் பற்றியும், அப்பா மகனுக்குச் சொல்வதுபோல அவ்வளவு நேரம் சொல்கிறார். இழந்தவை திரும்பக் கிடைத்தது அதற்கு அப்புறம்தான். அதற்கு முன்னாலேயே, வெறும் யோபுவாக, பேசத் தகுந்த ஆளாக அவர் இருந்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மாலையில் கோட்டாறு போனோம். சவேரியார் பேராலயத்தில்தான் தேவசகாயத்தை அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறைக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது ஒன்று தோன்றியது. இவர் சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை. இந்தியாவில் பொதுநிலையினரிலிருந்து வந்த முதல் புனிதர். கல்யாணமானவர். மனைவி பார்கவிக்கும் விசுவாசத்தைக் கொடுத்தவர். நீலகண்டசாமி கோவில் கருவூலத்தில் வேலை பார்த்தவர் என்பார்கள். அப்படியானால் கணக்குப் புத்தகம் பார்த்த கண்தான் அவருக்கும். கையில் இருந்த வேலையை அந்தஸ்துக்கு வைத்துக்கொள்ளாமல் ஆண்டவருக்குக் கொடுத்தால் போதும் போலிருக்கிறதே என்று எண்ணினேன். அந்த முறை கடைசி ஆசீர் வரை இருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா. மடியில் பழப்பை. வள்ளியூர் தாண்டியதும், "மக்களுக்கு என்ன சோலி?" என்று கேட்டார்.

"இப்ப வேலை இல்லம்மா. ஏழு மாசம் ஆச்சு" என்றேன். தொண்டை அடைக்கவில்லை.

"அப்படியா" என்றவர் சீப்பிலிருந்து இரண்டு மட்டிப்பழத்தைப் பிய்த்து ஒன்றை எனக்கும் ஒன்றை அக்காவுக்கும் கொடுத்தார். அக்கா தூக்கக் கலக்கத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் உரித்துத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பங்குச்சாமியாருக்கு போன் போட்டேன். வின்சென்ட் தே பவுல் கணக்கு நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்று கேட்டேன்.